சார்ஜன்ட் ப்ரூயிட்டின் இடுப்புச் சுற்றளவு

ராணுவக்காரர்களின் மனைவிமார் தொழில் படிக்க அரசாங்கமே செலவு செய்கிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, ஜார்ஜியா முகாமில் சார்ஜன்ட் ஆர்வில் ப்ரூயிட் ஒரு மகத்தான முடிவுக்கு வந்துவிட்டார். மனைவி டெல்லா பேக்கரி வேலை படிக்க வேண்டும். குடும்ப முன்னேற்றம் என்று வெளியே சொல்லிக்கொண்டார். உள்ளே கிடந்தது பீச் பழம் வைத்துச் சுடுகிற 'பை' என்ற பலகாரத்தின் மேல் ஆசை.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர்னு நம்மள மாத்தறாங்க. எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கிற வேலையாப் படி. அடுப்பு இல்லாத ஊர் உண்டா?"

டெல்லா யோசித்தாள். "சரி, எல்லா ஊர்லயும் இருக்கிற வேலையாவே படிக்கிறேன். ஆனா விண்ணப்பத்தை நான்தான் எழுதணுமாம். புருஷன் கை வைக்கக் கூடாதாம்."

வயிற்றைத் தவிர வேறெதிலும் கை வைக்காத மனிதர் அவர். ஒப்புக்கொண்டார்.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிப்பாய்களின் வயிற்றை டேப் வைத்து அளப்பார்கள். அளவு மிஞ்சினால் பதவி உயர்வு இல்லை. ப்ரூயிட்டுக்கோ உயர்வு வாசலில் வந்து நின்றது. ஆனால் அவரிடம் பன்னிரண்டு வருஷ ரகசியம் ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாளை வயிற்றில் சுற்றிக்கொண்டு நீராவி அறையில் உட்கார்ந்தால், இரண்டு அங்குலம் வேர்வையாக ஓடிவிடும்.

டெல்லா வகுப்புக்குப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி, "வீட்டுப்பாடம்" என்று மேசையில் வைத்தாள். அவரும் கடமை தவறாமல் தின்று, அவள் நீட்டிய மதிப்பெண் தாளில் பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்திட்டார். சில வாரம் மறுமதிப்பீடும் செய்தார்.

ஐந்து மாதம் கழித்து அளவு நாள் வந்தது. இரண்டு உருளைத் தாள், மூன்று மணி நேர நீராவி. அப்படியும் டேப்பின் முனையும் அனுமதித்த அளவுக் கோடும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி விலகியே நின்றன. உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. வயிறு குறையும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு, முகாமின் உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சியாளரிடம் போகச் சொன்னார்கள்.

போனார். கழுத்தில் விசிலோடு நின்றாள் டெல்லா.

"நீ பேக்கரிதானே படிச்ச?"

"நான் எப்பச் சொன்னேன்? எல்லா ஊர்லயும் இருக்கிற வேலைன்னு நீதான் சொன்ன. தொப்பை இல்லாத முகாம் உண்டா?"

"அப்போ அந்த வீட்டுப்பாடம்?"

"கடையில வாங்கினது. எனக்கு முதல் மாணவன் வேணாமா, சார்ஜன்ட்?" அவர் கையெழுத்திட்ட மதிப்பெண் தாள்களைப் பையிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தாள். "இருபது இருக்கு. இருபது சுத்து ஓடு."

விசில் ஊதினாள். சார்ஜன்ட் ஓடினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தாள் சுற்றாமலே அவருக்கு வேர்த்தது.