சங்க ஆபீஸில் எனக்கு ஒரு பிளக் இல்லை

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
சனிக்கிழமை காலை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கச்சி மகன் ஜெனோவுக்கு, மாமன் ரோச் உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. உன் அத்தை ஞானபாய் சுகம். நான் சுகமா என்பது இன்று மத்தியானம் மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன பிறகுதான் தெரியும்.

போன் பண்ணாமல் மாமா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் செல்போன் நேற்றிலிருந்து சார்ஜ் இல்லாமல் கட்டை மாதிரிக் கிடக்கிறது. இருபத்துமூன்று வருஷமாக நான் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் நாட்டுப்படகுச் சங்க ஆபீஸில், என் போனைச் சொருக எனக்கு ஒரு பிளக் கிடையாது. வரிசையில் நான் ஏழாவது ஆள். வீட்டில் போடலாம் என்றால் என் சார்ஜரை நம் சங்கத்துப் படகுக்காரப் பயல் ஆன்டனி அவசரத்தில் அள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். எல்லாம் நீ செய்த உபகாரம் ராசா.

இரண்டு மாசத்துக்கு முன்னால் நீ காரில் வந்து இறங்கி, "மாமா, இந்தப் பழைய கம்ப்யூட்டரு கரண்டைக் குடிக்கி, நான் புதுசு தாரேன்" என்று சோப்பு டப்பா அளவில் ஒன்றை மேசையில் வைத்தாய் அல்லவா? பழையது தின்கிற கரண்டில் இது பத்தில் ஒரு பங்குகூடத் தின்னாது, கையில் கொண்டுபோகிற சாமான் எல்லாமே இப்படித்தான் என்றாய். பழையதை டிக்கியில் ஏற்றிக்கொண்டு நீ போய்விட்டாய். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பழையது இருந்தபோது ஆபீஸில் லாரி நிற்கிற மாதிரி ஒரு உறுமல் இருக்கும். வேலை நடக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும். இப்போது ஆபீஸ் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. வருகிறவனெல்லாம், "என்ன கணக்கப்பிள்ளை மாமா, இன்னைக்கு லீவா?" என்கிறான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்து, சின்னச் சாமான் கரண்டே தின்னாது, அடுத்த ரீடிங்கைப் பாருங்கள் என்று உன் பேச்சை அப்படியே ஒப்பித்தேன். நம் தலைவர் ஃபிராங்க்ளினைத்தான் தெரியுமே, உடனே எழுந்து, "வேய், குறையலன்னா என்ன செய்வீரு?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. "குறையலன்னா இந்த நாற்காலிய விட்டு எறங்கிருதேன்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். உன் அத்தையிடம் சொன்னபோது அவள் தட்டவில்லை. "வேலைய விட்டுட்டு இங்கன உக்காந்து, குசினிக்குள்ள எட்டி எட்டிப் பாக்கலாம்னு நெனைக்காதீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அவள் அம்மா வீடு எதிர்வீடுதான் என்றாலும், சொன்னால் செய்கிறவள்.

அடுத்த வாரமே ஆரம்பித்தது வினை. முதலில் ஆன்டனி தன் ஜிபிஎஸ் கருவியோடு வந்தான். "மாமா, நீங்கதான மைக்குல சொன்னீய, சின்னச் சாமான் கரண்டு திங்காதுன்னு?" பிளக்கைக் காட்டினேன். மறுநாள் பவர் பேங்க், வயர்லெஸ் செட், எமர்ஜென்சி லைட், கொசு அடிக்கிற பேட், தாடி வழிக்கிற மிஷின், யாரோ மருமகளின் டேப்லெட் என்று கடற்கரையே திரண்டு வந்துவிட்டது. பிளக் போதவில்லை என்று அவனவன் எதையாவது பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகுகிறான். போனவாரம் நான் கடலுக்குப் போகிற படகுகளுக்கு டோக்கன் லிஸ்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதே உன் சோப்பு டப்பாவைப் பிடுங்கிவிட்டு ஒருத்தன் டார்ச் லைட்டைச் சொருகினான். கேட்டால், "அதுதான் ஓடவே இல்லையே மாமா" என்கிறான்.

உப்புக்காற்றில் மீட்டர் கண்ணாடி மங்கி எண் ஒன்றும் தெரியவில்லை, சிவப்பு விளக்கு மினுக்குவது மட்டும் தெரிகிறது. அது மினுக்க மினுக்க என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிரஷர் மாத்திரையை இரண்டு வேளையாக்கிவிட்டார் டாக்டர். போதாக்குறைக்கு நேற்றிலிருந்து ஆபீஸில் ஒரு வாடை, தலை கிறுகிறுக்கிறது. ஈரக் கைலியோடு இத்தனை பேர் வந்து குந்தினால் வேறென்ன மணக்கும்? இதற்கிடையில் தலைவர், நாளை மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து என்று, பத்துக் கிலோ சீலா மீனைப் புதன்கிழமையே கொண்டுவந்து, ஐஸ் போட்டுச் சாக்கில் கட்டி, மூலையில் கிடக்கும் சங்கத்துப் பழைய பிரிட்ஜில் தன் கையாலேயே வைத்துவிட்டு, "வேய், சம்பந்தி வீட்டுக்கு முன்னால என் மானம் இதுலதான் இருக்கு, பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மீனுக்கும் நான்தான் காவல்.

ஆகவே, ஜெனோ, உன் காலைப் பிடிக்கிறேன் என்று எழுதினால் மாமன் முறைக்கு நன்றாயிராது, பிடித்ததாக வைத்துக்கொள். சோப்பு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள். பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வை. அதன் பக்கத்தில் ஒரு பயலும் ஒரு சாமானும் கொண்டுவர மாட்டான். நாற்காலி போனால் நான் எங்கே போய் உட்காருவேன் சொல்லு.

பனிமய மாதா உன்னையும் உன் வேலையையும் காக்கட்டும். வெளிச் சாப்பாட்டைக் குறை. ஞாயிறு பூசைக்குப் போ.

உன் நாற்காலி போகப்போகிற மாமன்,
ரோச்

பின்குறிப்பு (மத்தியானம் மூன்று மணி): கவரை ஒட்டப் பசை தேடும்போது ரீடிங் எடுக்கிறவர் வந்தார். போன தடவை நானூற்று எழுபது யூனிட். இந்தத் தடவை இருநூற்று அறுபத்தெட்டு! மூன்று தரம் கேட்டேன். தலைவர் வாசலில் வைத்தே என் கையைக் குலுக்கி, "நீரே இரும் வேய்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, நீ நல்லா இருப்பே ராசா.

ஆனாலும் எனக்குக் கணக்கு உதைத்தது. சார்ஜரைத் திருப்பித்தர வந்த ஆன்டனியிடம், "இவ்வளவு எப்படில கொறஞ்சுது?" என்றேன். "அந்த மூலையில பிரிட்ஜு சும்மா உறுமிக்கிட்டுல்லா கெடந்துச்சு? அத ஒண்ணரை மாசத்துக்கு முந்தியே புடுங்கிட்டேனே மாமா" என்கிறான் பாவி. அத்தனை நாள் கேட்ட உறுமலில் பாதி பிரிட்ஜினுடையது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஐந்து மணிக்குத் தலைவர் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு மீனைக் காட்ட வருகிறார். நாற்காலி எனக்குத்தான். அதை பிரிட்ஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன்.