நாலே சுரத்தில் நைனா

உலகத்துப் பாட்டையெல்லாம் நாலே சுரத்தில் அடக்கிய ஒரே மனிதர் எங்கள் டும்டும் நைனாதான். காதல் பாட்டோ, சாமி பாட்டோ, ஒப்பாரியோ, அவருக்கு எல்லாம் ஒன்று.

எழுபதுகளில் காக்களூரில் ஒரு தகர டப்பா கம்பெனி. அவர் பிரஸ் மிஷின் ஆபரேட்டர், நான் பேக்கிங். கம்பெனி ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்தினோம். நான் பாடகன். நைனா பேஸ் கிடார். கிடாருக்கு எங்கே போவது? தேயிலைப் பெட்டியில் மூங்கிலை நட்டு, தடித்த கம்பியைக் கட்டி அவரே ஒன்று செய்துகொண்டார். மூங்கிலில் சிவப்புப் பெயின்டில் நாலு கோடு. விரல் அதைத் தாண்டியதே இல்லை.

“நைனா, சரணத்துக்காவது மாத்தி வாசியேன்” என்று கெஞ்சுவேன்.

“இன்னாத்துக்கு? நீ மேல எங்க வேணா சுத்திக்கினு வா. கீழ ஒருத்தன் ஒரே எடத்துல இருக்கணும்பா.”

அவரைக் கழற்றிவிட ரகசியக் கூட்டமே போட்டோம். கம்பெனியில் நடக்கும் ஆயுத பூஜைக் கச்சேரியோடு சரி என்று முடிவு. அதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்தக் கச்சேரிக்குத்தான் திருவாலங்காட்டிலிருந்து எனக்குப் பெண் தருவதாக இருந்தவர் வந்தார். மாப்பிள்ளை பாடுவதைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சு என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பூஜை போட்ட மிஷினையெல்லாம் அன்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். வாட்ச்மேன், ஷிப்ட் முடிந்தால் ஊதும் கம்பெனிச் சங்குக்கும் பொட்டு வைத்திருந்தார். நான் சரணத்தின் உச்சியில் இருந்தபோது அதை ஊதிவிட்டார்.

சங்கு கேட்டால் வேலையை நிறுத்துவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. தபேலா நின்றது. ஆர்மோனியம் நின்றது. என் வாயும் தானாக மூடிக்கொண்டது. கோங்கோ வாசித்தவர் எழுந்து டிபன் கேரியரைத் தேடினார்.

நைனா மட்டும் விடவில்லை. டும்... டும்டும்... டூம்.

“பாட்றா! நான் கீறேன்ல!”

அந்த நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லவிக்கு வந்து சேர்ந்தேன். மற்றவர்களும் அசடு வழிய ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் பெண்ணின் அப்பா நேராக நைனாவிடம் போனார்.

“பாட்றவரு பாதியில நின்னுட்டாரு. நீங்க நிக்காம வாசிச்சீங்களே, உங்களுக்குக் கல்யாணம் ஆய்ட்ச்சா?”

“எனக்கு மூணு புள்ளைங்க கீதுங்க சார். இவனுக்குக் குடுங்க. தங்கமானவன். அப்பப்ப நின்னுடுவான், தட்டி உட்டா பாடுவான்.”

தை மாதமே தாலி கட்டினேன். கூட்டத்தின் முடிவை நைனாவிடம் நான் சொல்லவே இல்லை. என் குறையை அத்தனை சரியாகச் சொல்லி, அப்படியும் எனக்காகப் பெண் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.