பஸ்ஸில் நிறுத்திய பாட்டு

மதிப்பிற்குரிய கவியரசன் மச்சான் அவர்களுக்கு, மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் இளங்கோ எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், செல்போன் டவர் வேலைக்கும் போகிறேன். தினமும் கேட்கிறீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். போனில் சொன்னா நீங்க அழுதுடுறீங்க, அதான் கடுதாசி.

விஷயம் நீங்க ஓட்டுற பஸ்ஸைப் பத்தி. பூங்குழலி கண்ணை மூடி நாலு மாசமாச்சு. அன்னையிலேருந்து நான் படியில கால் வெச்சதும் டக்குனு அந்தப் பாட்டை நிறுத்திடுறீங்க. மலையே கரைஞ்சாலும் உன்னை மறக்கமாட்டேன்னு ஒருத்தன் இழுப்பானே, அதுதான். உடனே பஸ்ஸே திரும்பி என்னைப் பாக்குது. நேத்து பாவாயி அக்கா பலாப்பழத்தை மடியில வெச்சுக்கிட்டு, "ஏஞ்சாமி, நீ அடுத்த பஸ்ஸுல வரக்கூடாதா? சோளக்காடு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு வேற என்ன இருக்குது?"ங்கிறாங்க. டீக்கடையிலயும் இதே கூத்து, நான் போனா ரேடியோ ஊமையாயிடுது. அது எங்க பாட்டுன்னு யார் சொன்னா? கல்யாணத்துல போட்டாங்கதான். ரேடியோ செட்காரர் பென்டிரைவுல அது ஒண்ணுதான் ஓடுச்சு, அதுவும் பல்லவியிலயே மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப அதையே பாடுச்சு, கடைசியில மாலையோட போய் நாந்தான் ஒயரைப் புடுங்கினேன். பூங்குழலிக்கு அந்தப் பாட்டுன்னாலே ஆகாது. பஸ்ஸுல அது ஓடுறப்பவெல்லாம் என் காதுல வந்து, "மலை கரையறது இருக்கட்டும், மழை வந்தா கொடியில கெடக்குற துணியை எடுப்பானா இவன்?"னு கேப்பா. "என்னைத்தான சொல்ற?"ம்பேன். "பாடறவனைச் சொன்னேனுங்க"ம்பா.

டிப்ளமோ படிச்சவன் சொல்றேன், அந்தப் பாட்டுக்கு அர்த்தமே கெடையாது. டவர் பேட்டரிக்கே மூணு வருசத்துக்கு மேல வாரண்டி குடுக்க மாட்டேங்கிறான், இவன் ஏழு பிறவிக்குக் குடுக்குறான். ஆனா அது ஓடுனாத்தான் மச்சான், அவ திட்டறது எனக்குக் கேக்குது. நீங்க நிறுத்துனா அதுவும் நின்னுபோகுது. அதனால திங்கக்கிழமையிலேருந்து பாட்டை முழுசாப் போடுங்க. கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க.

வீட்டுல அக்காவுக்கு வணக்கம். குழந்தைங்க நல்லாப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
இளங்கோ

பி.கு: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, அர்த்தமே இல்லன்னு எழுதுனது சரிதானான்னு பாட்டைப் போன்ல முழுசாக் கேட்டேன். இத்தனை வருசமா அவ பேசுனதுல ரெண்டாவது சரணம் என் காதுல விழுந்ததே இல்ல. அதுல ரெண்டு பேருக்கும் தலை நரைக்குது மச்சான். முதல் சரணத்தோட நிறுத்திடுங்க. பாவாயி அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.