துருக்காரர் வீட்டில் எண்ணெய்க்குத் தடை

துரு பிடித்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களை நீங்கள் ஆயிரம் பேர் பார்த்திருப்பீர்கள். துரு பிடிக்கவில்லையே என்று கவலைப்பட்டு ராகிக்களியைத் தள்ளி வைத்த மனிதரை உலகத்திலேயே நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன். கொல்லிமலை வாழவந்தி நாட்டில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மலை முழுக்க அவர் துருக்காரர். அந்தப் பெயர் வந்த கதையில் பாதிக் கஷ்டம் என் தலையில் விடிந்ததால், சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அம்மை குத்துகிற உத்தியோகத்தில் என்னை மலைக்கு அனுப்பியிருந்தார்கள். என்னைக் கண்டால் பிள்ளைகள் ஓடிப்போய் மரத்தில் ஏறிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஏறிக்கொள்வார்கள். இப்படிப்பட்டவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இவர் ஒருவர்தான் தன் வீட்டை ஒட்டிய அறையைக் கொடுத்தார். கூரை ஒழுகும், சுவர் வியர்க்கும், போட்டிருக்கிற சட்டையே பூசணம் பிடிக்கும். அப்படியோர் அறை.

அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, பிறகு சுட வேண்டும். அதற்குள் பன்றி சம்சாரம் பிள்ளைகளோடு பந்தி முடித்துக் கைகழுவிப் போய்விடும் என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் காட்டோரத்தில் இருந்த அவருடைய சாமைக்கு அந்த வெடிச் சத்தம்தான் வேலி. நான் வருவதற்கு முந்தின வருஷம் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் துப்பாக்கிகளைப் பார்வையிட வந்த தாசில்தார், வெள்ளைக் கைக்குட்டையால் இவர் குழலை ஒரு துடை துடைத்தாராம். கைக்குட்டை காவி வேட்டியாகிவிட்டது.

"அடுத்த வருஷம் துணியில இவ்வளவு துரு ஒட்டினாலும் லைசென்ஸைக் கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் சாமை பன்றிக்கு. மனிதர் அரண்டுபோனார். அடுத்த பார்வை நெருங்கியதும் பேளுக்குறிச்சிச் சந்தையில் துப்பாக்கி பழுது பார்க்கிற பாயிடம் ஓடினார். பாய் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு நானே சிரித்துவிட்டேன்.

"வெள்ளை இரும்புல வேர்வை பட்டாலே துரு வரும். நாமளே முந்திக்கிட்டு நல்ல துருவா ஏத்தணும். மயில்துத்தமும் உப்பும் புளிச்ச காடியில கரைச்சுப் பூசி ஈரத்துல தொங்கவிடுங்க. மறுநாள் சாக்குத் துணியால தேய்ங்க. மறுபடியும் பூசுங்க. பத்துத் தடவை. கடைசியா சாம்பல் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தித் துருவைக் கொன்னுட்டு மெழுகு போடுங்க. குழல் கருப்பட்டி நிறத்துக்கு வந்துடும். அப்புறம் எந்தத் துருவும் கிட்ட வராது. ஒண்ணே ஒண்ணு, நடுவுல எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் துருக்காரர் உயிராகப் பிடித்துக்கொண்டார். குழலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், சீயக்காய் போட்டுத் தேய்த்தார், இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து அடைத்தார். அந்தக் கட்டைகளில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட, மலையிலேயே ஈரமான இடம் எது என்று யோசித்தார். என் அறைதான்!

"ஏனுங்க சாமி, குளுருதுன்னு இங்க நெருப்புப் போட்டுறாதீங்க. கொழலுக்கு ஈரம் வேணுமுங்க."

"எனக்கு இருமல் வருதுங்க!"

"இருமிக்கங்க. ஆனா அந்தப் பக்கமாத் திரும்பி இருமுங்க."

இப்படியாக நானும் குழலும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தினோம். என் தேங்காயெண்ணெய்ப் புட்டி மாட்டுக் கொட்டகைக்கு நாடு கடத்தப்பட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. அவர் சம்சாரம் பாவாயி நல்ல மனுஷி. எண்ணெய் காட்டாமல் குழம்பு வைத்து, அதை எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போவாள். ஒரு நாள் பெரக்கரை நாட்டிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். தலையில் எண்ணெய் வழிய வழியப் படிய வாரியிருந்தார். துருக்காரர் வாசலிலேயே கையை நீட்டி மறித்தார்.

"மச்சா, அக்கட்டால நில்லுங்க! உள்ள வராதீங்க!"

"ஏனுங்க மாப்ள, ஊட்டுல ஆருக்காச்சும் அம்மை வாத்திருக்குதா?"

"துருப் புடிச்சுட்டு இருக்குதுங்க!"

அந்த மனிதர் என்ன நோயோ ஏதோ என்று பதறி, கொண்டுவந்த பலாப்பழத்தைத் தூரத்திலேயே உருட்டிவிட்டுப் போனார். ஊர் முழுக்கச் செய்தி பரவி, துருக்காரர் என்று பெயர் விழுந்ததும் அவர் கைங்கரியம்தான்.

முதல் இரண்டு நாள் குழல் அசையவில்லை. பளபளவென்று சிரித்துக்கொண்டு தொங்கியது. அப்போதுதான் மனிதர் களியைத் தள்ளி வைத்தார். மூன்றாம் நாள் காலை என் காதருகே ஒரு கூச்சல்.

"சாமி! எந்திரிங்க! புடிச்சிருச்சுங்க!"

பார்த்தால் குழல் முழுக்கப் பொன்னிறத்தில் பொடிப்பொடியாகத் துரு. பேரன் பிறந்தவர் போல ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஆறு பூச்சு முடிந்தது. நிறம் கருப்பட்டியை எட்டிப் பார்த்தது. தாசில்தாரின் பார்வைக்கு இன்னும் ஐந்தே நாள். அன்றைக்கு ஆயுத பூஜை.

அவர் காட்டில் முள்வேலி அடைக்கப் போயிருந்தார். நான் குத்த வேண்டிய கைகளைத் தேடி மலை மலையாக அலைந்துவிட்டு மத்தியானம் வந்தேன். பாவாயி அரிவாள், கொத்து, ஏர்க்கொழு எல்லாவற்றுக்கும் எண்ணெய் தொட்டுப் பட்டை போட்டு, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். என் அம்மை குத்துகிற பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு. சிரித்தபடி அறைக்குள் நுழைந்தேன். குழலின் நடுவில் விளக்கெண்ணெயில் மூன்று விரல் பட்டை!

எனக்குப் பின்னாலேயே துருக்காரர் வந்து நின்றார். வீடு இரண்டுபடப் போகிறது என்று நான் ஒதுங்கினேன்.

"என்ன புள்ள பண்ணிப்போட்ட?"

"பட்டை போட்டேனுங்க. எண்ணெ தொடாட்டிப் பொட்டு நிக்குமுங்களா? தொடக் கூடாதுன்னீங்க, தெரியும். ஆனா கொட்டகைல கெடக்கற கொத்துக்கெல்லாம் பூசை பண்ணிப்போட்டு, நம்ம காட்டக் காக்கறதுக்கு மட்டும் பண்ணாம வுட்டா எம்மனசு ஆறுமுங்களா? இந்த வருசம் அதக் கொண்டுக்கிட்டுப் போயிருவாங்களோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குதுங்க."

அவர் குழலைக் கழற்றி, சாம்பலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தேய்த்துப் பார்த்தார், கழுவிப் பார்த்தார், நாளுக்கு ஒன்றாக மிச்ச நாலு பூச்சையும் பூசினார். குழல் முழுக்க அருமையாகக் கறுத்தது. அந்த மூன்று விரல் மட்டும் வெளிறியே நின்றது. முழுசையும் தேய்த்து வெள்ளையாக்கி முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை. கடைசி நாள் சாம்பல் தண்ணீரை ஊற்றி, மெழுகு தேய்த்து, "ஆவறது ஆவட்டும், வாங்க போலாம்" என்று மலை இறங்கினார். நானும் கூடப் போனேன். வழி நெடுக, "அது கம்பெனிக்காரன் போட்ட அடையாளம்னு சொல்லிடுங்க" என்று அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன்.

தாசில்தார் துப்பாக்கியைப் பார்த்ததும் எகிறினார்.

"யோவ், போன வருஷமாவது அங்கங்கே துரு. இந்த வருஷம் தலையோட காலு துருவா?"

"துருதானுங்க சாமி. ஆனாச் செத்த துருங்க. தொடச்சுப் பாருங்க."

தாசில்தார் கைக்குட்டையை எடுத்தார். அழுத்தித் துடைத்தார். எச்சில் தொட்டுக்கூடத் துடைத்தார். கைக்குட்டை மல்லிகைப் பூவாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் விரல் அந்த வெளிறிய இடத்தில் போய் நின்றது.

"இது என்ன?"

நான் துருக்காரரை முழங்கையால் இடித்தேன். அந்த மனிதர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்பட ஊட்டுக்காரி கைங்க. ஆயுத பூசைக்கு வெச்சா. அந்த எடத்துல துரு ஏற மாட்டேன்னுட்டுதுங்க."

தாசில்தார் அவரையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லைசென்ஸை இழுத்து, அடையாளம் என்ற இடத்தில் 'குழலின் நடுவில் மூன்று விரல் பட்டை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துருக்காரர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுவருஷம், பட்டை தெரியாமல் புதுசாகவே செய்து தருகிறேன் என்று பாயே ஆசையாகக் கேட்டுப் பார்த்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆயுத பூஜைக்கும் நான் அந்த வீட்டில் இருந்தேன். பாவாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு தயங்கித் தயங்கி வந்தாள். ஊரையே கைகட்டி நிற்கவைத்த அந்த மனிதர், குழலை இரண்டு கையாலும் ஏந்தி, அந்த மூன்று விரல் இடம் அவள் பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.