ஐந்து வயரும் மெர்டேக்காவும்

"பெட்டிக்குப் பின்னால அஞ்சு வயரைத் தொங்கவிட்டுட்டு, எது எதோட சேரும்னு ஒரு வரி எழுதாம போனானே, அந்தப் படுபாவி எவன்? ஆம்பளையா இருந்தா வந்து சரிபண்ணிட்டுப் போகட்டும்!"

பொன்னுதுரை போட்ட சத்தத்தில் காஜா பேராங் சந்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. இன்னும் சற்று நேரத்தில் நாட்டின் சுதந்திரப் பிரகடனம் ரேடியோவில் முழங்கப் போகிறது. பெட்டியோ வாயே திறக்கவில்லை.

உண்மையில் அந்தப் படுபாவி எழுதித்தான் போயிருந்தான். உஜோங் பாசிரில் பழைய சாமான் விற்கும் கபீரிடம், பழைய தோங்காங் சரக்குப் படகின் வானொலிப் பெட்டியை வாங்கியபோது, வயர்ப் படம் போட்ட தாளும் கூடவே இருந்தது. "தாளை நீயே வச்சுக்க, ரெண்டு வெள்ளி குறை!" என்று பேரம் பேசி ஜெயித்தவர் பொன்னுதுரைதான். பேரத்தில் அவர் யாரிடமும் தோற்றதில்லை. வீட்டில் தோற்றதெல்லாம் கணக்கில் வராது.

படகுப் பெட்டி காதில் மாட்டும் கருவியில் மட்டும்தான் பேசும். அவரோ சந்து முழுவதையும் அழைத்திருந்தார். "நடுக்கடல்ல கேக்குற பெட்டியப்பா! சுதந்திரம் என் வீட்டுலதான் முழங்கும். முழங்கலேன்னா மீசையை எடுத்துடறேன்!" ஆகவே, இதை வீட்டு ரேடியோவோடு இணைத்து அதன் வாயால் பேச வைப்பது என்று திட்டம்.

முந்தின நாளே மனைவி பூங்காவனம் கேட்டாள்.

"ஏங்க, நம்ம ரேடியோதான் நல்லாப் பாடுதே. அதையே திருப்பினா ஆகாதா?"

"போடி! அப்புறம் இந்தப் பெட்டியை எதுக்கு வாங்கினேன்?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

காலையில் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, ரேடியோவின் முதுகைக் கழற்றினார். சிவப்பைச் சேர்த்தார், மூச்சில்லை. மஞ்சளைச் சேர்த்தார், முனகல்கூட இல்லை. அப்போதுதான் அந்தக் கூச்சல். கூச்சல் அடங்கியதும் பச்சையைச் சேர்த்தார்.

"ஐயோ அம்மா!"

தலைமுடி எழுந்து நின்றது. மீசை எழுந்து நின்றது. அவர் மட்டும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். திருப்புளி பறந்து போய் அரிசி டின்னில் மோதியது. ரேடியோ குபுகுபுவென்று புகைந்தது. வீட்டு மின்விசிறி நின்றே போனது.

"பூங்காவனம்! ஏய்!"

அவளைக் காணோம். அழைத்த ஜனத்தில் ஒரு தலையும் காணோம். நல்லவேளை, மீசை தப்பியது என்று அதைத் தடவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நல்லையா வீட்டில் இடி இடித்தது.

"மெர்டேக்கா!"

சுதந்திரத்துக்கு மலாய்ச் சொல் அது; ஒன்று, இரண்டு என்று ஏழு தடவை. ரேடியோ முழங்க, கூடவே சந்து மொத்தமும் முழங்கியது.

ஓடினார். அங்கே பாயில் அவர் அழைத்த அத்தனை பேரும். பூங்காவனம் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ரேடியோ; அதன் தலையில் அவள் தைத்த பூப்போட்ட உறை.

"இது நம்ம ரேடியோல்ல?"

"நம்மளதுதாங்க. நீங்க கோயிலுக்குப் போனப்ப மாத்தி வச்சேன்."

"அப்ப நான் பிரிச்சது?"

"நல்லையா அண்ணனோடது. ஆறு மாசமாப் பேசாமக் கெடந்துச்சு. சோடியா எடுத்தா விலை குறையும்னு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வாங்கினது நீங்கதானே?"

நல்லையா எழுந்து வந்து அவர் கையை இறுகப் பிடித்தார்.

"மச்சான், தங்கச்சி சொன்னுச்சு. இன்னிக்கே ரிப்பேர் பண்ணித் தர்றீங்களாமே! காசும் வாங்க மாட்டீங்களாம்!"

பச்சை வயர்கூட இப்படித் தூக்கிப்போடவில்லை. சுவர் தாண்டி வந்த கருகல் வாடை எல்லார் மூக்கிலும் ஏறியது.

"மீசையை அப்புறம் பாத்துக்கலாங்க," என்றாள் பூங்காவனம், கேசரித் தட்டை நீட்டியபடி. "ஆம்பளையா இருந்தா வந்து சரிபண்ணட்டும்னு இவ்வளவு நேரம் கத்துனீங்களே, போங்க, முதல்ல அண்ணன் ரேடியோவைச் சரிபண்ணிக் குடுங்க!"