டியோலிந்தா பின்தங்கிய படலம்

ரொட்டிக்கடை ஆண்ட கோமகளே, அடுப்பனலுக்கு அஞ்சாத அப்பூலியாக் கரையின் அரசியே, மாவு படிந்த முன்கையாளே, கடன் கேட்டு வந்தோரைப் புருவம் ஒன்றாலேயே புறமுதுகிடச் செய்த டோனா டியோலிந்தாவே, வாழி. நின் வீங்கிய முழங்கால் வாழி. அதில் கட்டிய துணியும் வாழி. அட்லாண்டிக் பெருங்கடல் சாட்சியாக நீ நடக்க மறுத்த மாண்பைப் பாடப் புகுந்தோம்; கடற்கரையைக் காக்கும் புனிதர்களே, எம் நாவில் வந்து குந்துக.

அப்பூலியாப் பங்கிலிருந்து அறுவர், பாதிரியார் அன்செல்மோ முன்செல்ல, கடலை இடப்புறம் வைத்து வடதிசை நோக்கிச் சந்தியாகோ பேராலயத்துக்குப் பாதயாத்திரை புறப்பட்டனர். அவர்களோடு நல்ல பயண மாதாவின் நீலப் பட்டுக் கொடியும் புறப்பட்டது. அப்பேராலயத்தின் வாயிலுக்குள் அக்கொடியை ஏந்திப் புகப்போவது யார்? இக்கேள்வியே போரின் வித்து.

எதிரியை இகழாது சொல்லுதல் காவிய மரபு. மீன் ஏலக்கூடத்தை முப்பதாண்டு தன் தொண்டையால் கட்டியாண்டவர், "ஒருதரம்" என்றால் கடற்காகங்கள் கூரைவிட்டு எழும் குரலினர், மத்தி மீனின் வயதைக் கண்ணால் கணிக்கும் எவரிஸ்தோ என்பவரே அவர். ஊர்த் திருவிழாவில் இருபதாண்டுகளாக அவரே கொடி பிடித்தார். அவருக்குப் பின்னே மெழுகுவத்தியோடு சென்ற டியோலிந்தாவோ, மாதாவின் திருமுகத்தை ஒருமுறையும் காணாமல், அவருடைய சிவந்த பிடரியையே தரிசித்து வந்தாள். இவ்வாண்டும் அதையே காண்பதினும் அடுப்பில் பாய்வது மேல் என்று உள்ளூரச் சூளுரைத்திருந்தாள்.

மூன்று நாள் இருவரும் வழியெல்லாம் சொற்போர் நிகழ்த்தினர். நான்காம் நாள், ஞாயிறு, திருப்பலி முடிந்து ஆங்கோரா என்னும் ஊரில் காப்பி அருந்துகையில் பாதிரியாரின் பொறுமை கோப்பையோடு சேர்ந்து காலியாயிற்று. அவர் எழுந்து முழங்கினார்.

"கடைசியானவங்க முதலாவாங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். இன்னிக்குக் கமீன்யா படகுத்துறைக்கு யாரு கடைசியா வராங்களோ, கொடி அவங்களுக்கு. இதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை பேசப்படாது."

அமைதியை விதைத்ததாக எண்ணி அந்நல்லவர் நடந்தார். கூரிருளில் வைக்கோற்போரில் கொள்ளி எறிந்தவன்கூட இத்துணை நிம்மதியாக நடந்திரான்.

போர் தொடங்கிற்று. டியோலிந்தா குனிந்து இடக்கால் செருப்பின் வாரை அவிழ்த்தாள். எவரிஸ்தோ அக்கணமே தம் காலணிக்குள் கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவள் வழியோரச் சிலுவையடியில் மண்டியிட்டு ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் மூச்சுக்கொரு மணியாக உருட்டினாள். அவர் அதே சிலுவையின் மறுபுறம் மண்டியிட்டு, இறந்துபோன தம் உறவினர் அனைவரையும், அவர்தம் மாடுகளையும், பெயர் சொல்லி வேண்டினார். வாழ்நாளெல்லாம் கடலைக் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்த அம்மனிதர், இன்று ஒவ்வோர் அலையின் அழகிலும் மெய்ம்மறந்து நின்றார். நத்தைகள் அவர்களைக் கடந்து சென்றன. முன்சென்ற நால்வரும் பாதிரியாரும் எறும்பளவாகி, புள்ளியாகி, இல்லாமலாயினர்.

மொலேதோவின் பைன் தோப்பில் ஒரு கட்டை கிடந்தது. இரு பெருவீரரும் அதன்மேல் முதுகோடு முதுகாக அமர்ந்தனர்.

"நீங்க முன்னாடி போங்க, டோனா. பொம்பளைங்களை முதல்ல விடுறதுதான் மரியாதை."

"இருபது வருஷமா உங்க பிடரியைப் பார்த்துக்கிட்டே வந்தேனே, அப்ப எங்க போச்சு இந்த மரியாதை?"

"பார்க்கிற மாதிரி பிடரிதான்."

டியோலிந்தா பல்லைக் கடித்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது, வெயில் சாய்ந்தது. எழுந்துவிடலாமா என்று ஒருகணம் நெஞ்சு தளர்ந்தபோதுதான், தன் முதுகுக்குப் பின்னே ஒரு நடுக்கத்தை உணர்ந்தாள். எவரிஸ்தோ கால்களைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தார். நண்பகலில் அவர் அரைக்குடுவை பச்சைத் திராட்சை மது அருந்தியது அவள் நினைவில் மின்னலென வெட்டியது. தோப்பிலோ மறைவில்லை, ஞாயிற்றுக்கிழமையாதலால் மரத்துக்கொரு குடும்பம் விரிப்பு விரித்துக் கோழி தின்றுகொண்டிருந்தது. கழிப்பறை என ஒன்று இருந்தது படகுத்துறையில் மட்டுமே.

மாதா மன்னிப்பாளாக. டியோலிந்தா தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். தகரக் குவளையை மடியில் வைத்தாள். மலையருவி பாறையில் வீழ்வதுபோல, உயரத்திலிருந்து, நூலிழையாக, மிக மெல்ல, ஊற்றலானாள்.

ஏலக்கூடத்தைக் கட்டியாண்ட வீரம் அவ்வொலியின் முன் நில்லாது அழிந்தது. எவரிஸ்தோ துள்ளி எழுந்தார்.

"நீ பொம்பளையே இல்ல, பிசாசு" என்றவர், எதிரே வந்த மிதிவண்டிக்காரரிடம், "வழி விடுப்பா, வழி விடு" என்று அலறியபடி, வில்லினின்று விடுபட்ட கணைபோல் கமீன்யாவை நோக்கிப் பாய்ந்தார்.

வென்றாள் டியோலிந்தா. வழியில் எவரையும் முந்தாமல், ஒரு கிழட்டு நாய் கடந்துபோகவும் நின்று இடங்கொடுத்து, நொண்டி நொண்டி, பட்டத்தரசி பவனி வருவதுபோல் வந்தாள். அவள் அகக்கண்ணில் நீலக்கொடி பேராலயத்துள் நுழைந்தது. அவளுக்கு முன்னால் எவர் முதுகும் இல்லை. கண் கலங்கியது. துறையின் பலகைமேல் ஈற்றிலும் ஈற்றாக, மறுக்கவொண்ணாத கடைசியாக, அவள் தன் வலக்காலைப் பதித்தாள்.

கடலின் ஓதம் இறங்க, மின்யோ ஆற்றில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. மணல்திட்டு தலைகாட்டுமுன் கடந்தாக வேண்டும் என்று அடம்பிடித்த படகோட்டி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தான். படகின் நடுவே கொடி படபடத்தது. கையைக் குவித்துப் பாதிரியார் கூவியது நீரின்மேல் தவழ்ந்து வந்தது.

"கொடி உங்களுக்குத்தான், டோனா. அக்கரையில காத்திருக்கோம். துறைக்கு எதிர்ல விடுதி இருக்கு, போய்ப் படுங்க."

அவர் அருகே, முகம் முழுக்க ஆறுதலோடு அமர்ந்திருந்த எவரிஸ்தோ, எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, அவளை நோக்கித் தலை தாழ்த்தினார். டியோலிந்தாவும், தன்னையறியாமல், தகரக் குவளையை உயர்த்தினாள்.

அடுத்த படகு மறுநாள் காலை எட்டரைக்கு.