பாடநூல்படி ஓர் அடுப்பு

நிபுணர் உள்ளே நுழைந்தபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்கு முதல் பிரச்சினை.

மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமல், பேரிடருக்குப் பிறகு பிழைத்துக்கொள்வது எப்படி என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தலைமையகம் அவரை அனுப்பியிருந்தது. குளிரூட்டிய அறையில் நான்கு நாள் உட்கார்ந்து அந்த வித்தையில் தேர்ச்சி பெற்றவர். மதியத்துக்குள் படத்தோடு அறிக்கை போகவேண்டும். போனால்தான் வேலை நிரந்தரம்.

பழைய பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நாலு செங்கல்லும் களிமண்ணுமாக ஓர் அடுப்பு. அதன்மேல் பெரிய பாத்திரத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யார் அடுப்பு மூட்டச் சொன்னா?"

கிளறிக்கொண்டிருந்த ஒல்லிப் பெண் நிமிர்ந்தாள். "பசிச்சுது சார்."

நிபுணர் கையேட்டைப் பிரித்தார். அளவு நாடாவை நீட்டினார். "அடுப்பு வாய் பதினெட்டு சென்டிமீட்டர் இருக்கு. பதினஞ்சுதான் இருக்கணும்."

"போன வாரம் வந்த சார் இருபது இருக்கணும்னாரு."

"அவர் பழைய பதிப்பு படிச்சிருப்பார்."

"ஆனா நல்லாத்தான எரியுது சார்?"

"எரியறது பெரிசில்லம்மா. முறைப்படி எரியணும்."

பாத்திரத்தை இறக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். அடுப்பைப் பிரித்து, புத்தகத்தில் உள்ளபடி தம் கையாலேயே கட்டினார். முறைப்படி கட்டிய அடுப்பு எரியவில்லை, புகைந்தது. எட்டுப் பேரும் இருமினார்கள், மரியாதையாக. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதுபோல் அவர் செங்கல்லைக் குறை சொன்னார்.

கண்ணெரிச்சல் தாளாமல் முகம் கழுவத் தண்ணீர் தேடினார். மூலையில் மூன்று மண்பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மேலிருந்த இரண்டில் மணலும் கரியும். அடிப்பானையில் சொட்டுச் சொட்டாக வடிகட்டிய தண்ணீர்.

"என்னப்பா இது, மேல மணல், கீழ கரி? தலைகீழா இருக்கே."

"தண்ணி தெளிவாத்தான் சார் வருது" என்றான் தாடிக்காரன் ஒருவன்.

"தெளிவு எல்லாருக்கும் வரும். அடுக்கு வரிசை தெரிஞ்சிருக்கணும்."

இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பானைகளை மாற்றி அடுக்கினார். இப்போது கறுப்பாக வந்தது. அதிலேயே முகம் கழுவினார். கழுவியபின் பேரிடரில் மாட்டிக்கொண்டவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

மிச்சமிருந்தது தலைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய்தான்.

"இந்த முடிச்சுக்குப் பேர் என்ன?"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முடிச்சுதான் சார்" என்றாள் ஒல்லிப் பெண்.

"பேர் தெரியாத முடிச்சை நம்பி எப்படி அடியில உட்கார்றீங்க?"

அவிழ்த்துவிட்டு, பேர் உள்ள முடிச்சாகப் போட்டார். அது இரண்டு நிமிடம் தாங்கியது. காற்று ஒரு தட்டுத் தட்டியதும் தார்ப்பாய் மொத்தமாகச் சரிந்து பானைகளை உருட்டியது. ஓரமாக வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கவிழ்த்தது.

நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, சாப்பாடும் இல்லை. ஒரு புயலுக்கு ஒரு நாள் பிடிக்கும் வேலையை அவர் ஒற்றை ஆளாக ஒன்றரை மணி நேரத்தில் முடித்திருந்தார்.

ஒல்லிப் பெண் மண்ணில் கொட்டிக்கிடந்த சாப்பாட்டைச் சற்று நேரம் பார்த்தாள். "அவ்வளவுதானா சார், இன்னும் இருக்கா?"

அந்தத் தொனி நிபுணருக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண் பட்டியலை எடுத்தார். "அடிப்படையே தெரியல ஒருத்தருக்கும். செய்முறையில எல்லாருக்கும் பூஜ்யம். வரிசையா பேர் சொல்லுங்க."

அப்போது மூச்சு வாங்க ஓடிவந்தார் காவலாளி.

"சார், உங்க வகுப்புப் பசங்க காலையிலேர்ந்து எதிர்க் கட்டடத்துல காத்துக்கிட்டிருக்காங்க. இவங்க வெள்ளத்துல வீடு போய், மூணு மாசமா இங்கயே குடியிருக்கறவங்க."